ஜான் சர்டீஸ்: இரண்டு மகுடங்களும் ஒரு பிடிவாதமும்

1964 அக்டோபர் 25. மெக்ஸிகோ நகரில் அந்த ஆண்டின் கடைசி ஃபார்முலா ஒன் பந்தயம் முடிய இரண்டு சுற்றுகூட மிச்சமில்லை. ஜிம் கிளார்க்கின் லோட்டஸ் முன்னால் போய்க்கொண்டிருந்தது. அப்படியே போய் முடித்திருந்தால் உலக சாம்பியன் பட்டம் கிளார்க்குக்குத்தான். ஆனால் எண்ணெய் ஒழுகி அவருடைய எஞ்சின் இறுகிவிட்டது. கார் தளர்ந்த அந்தக் கணத்தில் பட்டம் கிரஹாம் ஹில்லின் கைக்குப் போனது. ஹில் அப்போது எங்கோ பின்தங்கி ஓடிக்கொண்டிருந்தார். அதுவரை சேர்த்திருந்த 39 புள்ளிகளே அவருக்குப் போதுமானவையாக இருந்தன. முன்னே டான் கர்னி, அடுத்து ஃபெராரியின் லொரென்ஸோ பந்தினி, மூன்றாவதாக ஃபெராரியின் ஜான் சர்டீஸ். மூன்றாம் இடத்துக்கு 4 புள்ளி. சர்டீஸின் கணக்கு 38-ல் நின்றுவிடும். இரண்டாம் இடம் கிடைத்தால் 6 புள்ளி; கணக்கு 40 ஆகும். ஃபெராரி அணியினர் ஓடுதளத்தின் ஓரத்துக்கே வந்து பந்தினிக்குக் கையசைத்தார்கள். பந்தினி வேகத்தைக் குறைத்து வழிவிட்டார். ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் சர்டீஸ் உலக சாம்பியன்.

அதற்கு முன்பே மோட்டார் சைக்கிளில் ஏழு உலகப் பட்டங்கள் வென்றவர் அவர். இரு சக்கரத்தின் உச்சப் பட்டத்தையும் நான்கு சக்கரத்தின் உச்சப் பட்டத்தையும் வென்ற மனிதர் என்று உலகத்தில் அன்றும் ஒருவர்தான், இன்றும் ஒருவர்தான்.

மெக்ஸிகோவில் நடந்ததை மட்டும் பார்க்கிறவர்கள் இதைக் குருட்டு அதிர்ஷ்டம் என்றே சொல்வார்கள். ஹில்லின் அபிமானிகள் இன்னும் கடுமையாகச் சொல்வார்கள். ஏனென்றால் அதே பந்தயத்தில் ஹில்லின் வண்டியை ஒரு கொண்டை ஊசி வளைவில் இடித்துப் பின்னுக்குத் தள்ளியவர் இதே பந்தினி. (அந்தக் கிறிஸ்துமஸுக்கு ஹில், கார் ஓட்டக் கற்றுத்தரும் இசைத்தட்டு ஒன்றைப் பந்தினிக்குப் பரிசாக அனுப்பினார் என்று ஒரு கதை உண்டு. ஹில்லின் குறும்பை அறிந்தவர்கள் நம்பக்கூடிய கதைதான்.) போதாததற்கு, அந்த ஆண்டு முழுவதும் ஹில் சேர்த்த மொத்தப் புள்ளி 41. பத்துப் பந்தயங்களில் சிறந்த ஆறு முடிவுகளை மட்டுமே எண்ண வேண்டும் என்பது அன்றைய விதி. அதனால் பெல்ஜியத்தில் ஐந்தாவதாக வந்து பெற்ற 2 புள்ளி கழிந்து 39 ஆனது.

ஆனால் சர்டீஸின் பக்கத்தையும் விரித்துப் பார்க்க வேண்டும். பத்துப் பந்தயங்களில் நான்கில் அவருடைய கார் பாதியிலேயே நின்றது: மொனாக்கோ, பெல்ஜியம், பிரான்ஸ், ஆஸ்திரியா. மிச்சம் ஆறிலும் அவர் முதல் மூன்று இடங்களுக்குள் வந்தார். இரண்டு வெற்றி, மூன்று இரண்டாம் இடம், ஒரு மூன்றாம் இடம். கழிக்க ஒரு புள்ளிகூட இல்லை. இன்னொன்றும் இந்தக் கணக்கில் தெரிகிறது. முதல் ஐந்து பந்தயங்களில் அவர் எடுத்தது 10 புள்ளி, பிந்தைய ஐந்தில் 30. முற்பாதியின் நடுவில், ஜூன் மாதம், லெ மான் 24 மணி நேரப் பந்தயம் வருகிறது. லெ மான் முடியும்வரை ஃபெராரி தொழிற்சாலையின் கவனமும் ஆட்களும் ஸ்போர்ட்ஸ் கார் பக்கமே இருக்கும்; கிராண்ட் பிரீ கார் காத்துக்கிடக்கும். இதைச் சொல்லிச் சொல்லிச் சண்டை போட்டவர் சர்டீஸ். அவர் சொன்னது சரி என்பதற்கு அவருடைய புள்ளிப் பட்டியலே சான்று.

இந்தச் சண்டைக் குணத்தையும் அவருடைய சாதனையையும் பிரித்துப் பார்க்க முடியாது என்பதே என் கருத்து. அவரைப் பற்றிய எழுத்துகளில் பெரும்பாலும் இரண்டு படங்கள் கிடைக்கின்றன. ஒன்று, எதில் ஏற்றினாலும் ஜெயிக்கும் பிறவி வீரர். மற்றொன்று, யாரோடும் ஒத்துப்போகாமல் வாய்ப்புகளை நழுவவிட்ட முரடர். இரண்டும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை. சர்டீஸ் அடிப்படையில் ஒரு மெக்கானிக். வண்டி ஏன் இப்படி நடந்துகொள்கிறது என்று தெரியாமல் அதில் உட்கார அவருக்குப் பிடிக்காது. தெரிந்த பிறகு அதைச் சரிசெய்யாத முதலாளியிடம் வேலை செய்யவும் பிடிக்காது.

1934 பிப்ரவரி 11-ல் இங்கிலாந்தின் சர்ரே மாவட்டத்தில் டாட்ஸ்ஃபீல்டில் பிறந்தார். அப்பா ஜாக் சர்டீஸ் தெற்கு லண்டனில் மோட்டார் சைக்கிள் கடை வைத்திருந்தார். சைட்கார் பந்தயத்தில் பேர்பெற்றவர். சைட்கார் பந்தயத்தில் பக்கப்பெட்டியில் இருப்பவர் சும்மா உட்கார்ந்திருக்க முடியாது. வளைவுக்கு வளைவு உடம்பை வெளியே தொங்கவிட்டு வண்டி கவிழாமல் பிடிக்க வேண்டும். அந்த வேலையை 14 வயதில் ஜான் அப்பாவுக்குச் செய்தார். லண்டனின் டிரென்ட் பார்க்கில் இருவரும் ஜெயித்தும்விட்டார்கள். பையனின் வயது தெரிந்ததும் அதிகாரிகள் வெற்றியை ரத்து செய்தார்கள்.

16 வயதில் ஸ்டீவனேஜில் இருந்த வின்சென்ட் மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையில் பயிற்சித் தொழிலாளியாகச் சேர்ந்தார். பகலில் எஞ்சினைப் பிரித்துக் கோப்பது, விடுமுறை நாளில் வின்சென்ட்டின் 500 சி.சி. ‘கிரே ஃபிளாஷ்’ வண்டியில் பந்தயம். 1951-ல் திரக்ஸ்டனில், அன்று இங்கிலாந்தே கொண்டாடிய நார்ட்டன் வீரர் ஜெஃப் டியூக்கை இந்த 17 வயதுப் பையன் திணறடித்தபோதுதான் பத்திரிகைகள் பெயரைக் குறித்துக்கொண்டன. 1955-ல் நார்ட்டன் நிறுவனமே தன் அணியில் சேர்த்துக்கொண்டது. அதே ஆண்டு அல்ஸ்டர் கிராண்ட் பிரீயில் 250 சி.சி. என்.எஸ்.யூ. வண்டியில் அவருடைய முதல் உலகப் பந்தய வெற்றி. சில்வர்ஸ்டோனிலும் பிராண்ட்ஸ் ஹாட்ச்சிலும் டியூக்கையே தோற்கடித்தார்.

அடுத்த ஆண்டு அவர் எடுத்த முடிவை அப்போதைய சூழலில் வைத்துப் பார்க்க வேண்டும். இத்தாலியின் எம்.வி. அகுஸ்தா அழைத்தது. ஹெலிகாப்டர் செய்யும் குடும்பம், பணத்துக்குக் குறைவில்லை. நான்கு சிலிண்டர் எஞ்சினின் சக்திக்கும் குறைவில்லை. ஆனால் வண்டி வளைவுகளில் சொன்ன பேச்சு கேட்காது என்ற பெயர் இருந்தது. 1953-ல் மேன் தீவில் லெஸ் கிரஹாம் எம்.வி.யில் இறந்தார். 1955 ஏப்ரலில் இமோலாவில், எம்.வி.க்காக ஓட்டிய முதல் பந்தயத்திலேயே ரே ஆம் இறந்தார். இரண்டு பேருமே கைதேர்ந்தவர்கள். அந்த இருக்கைக்குத்தான் 22 வயது சர்டீஸ் போனார். போனதும் சேசிஸிலும் சஸ்பென்ஷனிலும் என்ன மாற்ற வேண்டும் என்று பட்டியல் போட ஆரம்பித்தார். கோமான் டொமெனிகோ அகுஸ்தா யார் சொல்லையும் லேசில் கேட்கிறவர் அல்லர். ஆனாலும் வண்டி மாறியது. 1956-ல் மேன் தீவு, ஆஸென், ஸ்பா என்று முதல் மூன்று 500 சி.சி. பந்தயங்களையும் சர்டீஸ் ஜெயித்தார். அடுத்து ஜெர்மனியின் ஸோலிட்யூடில் விழுந்து கை முறிந்தது. மூன்று வெற்றியின் 24 புள்ளிகளை மிச்சப் பருவத்தில் வேறு யாராலும் எட்ட முடியவில்லை.

இங்கே ஒரு தள்ளுபடியும் செய்தாக வேண்டும். அந்த ஆண்டின் முற்பாதியில் டியூக் களத்திலேயே இல்லை. 1955-ல் ஆஸெனில் தனியார் ஓட்டுநர்கள் கூலி போதவில்லை என்று செய்த வேலைநிறுத்தத்தை ஆதரித்ததற்காக அவரை ஆறு மாதம் விலக்கி வைத்திருந்தார்கள். 1957-ல் போட்டி நிறுவனமான கிலேரா, லிபெரோ லிபெராட்டி மூலம் பட்டத்தைப் பறித்தது. அந்த ஆண்டு முடிவில் கிலேரா, மோட்டோ குஸ்ஸி, மொண்டியல் மூன்று நிறுவனங்களும் செலவு கட்டுப்படியாகவில்லை என்று பந்தயத்தை விட்டே விலகின. ஆகவே 1958, 1959, 1960 மூன்று ஆண்டுகளும் 350, 500 இரண்டு பிரிவுகளிலும் சர்டீஸ் பட்டம் வென்றார், 39 பந்தயங்களில் 32-ஐ ஜெயித்தார் என்ற கணக்கைச் சொல்லும்போது, எதிரே சம பலமுள்ள தொழிற்சாலை அணி இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஆனால் மேன் தீவின் மலைப்பாதை எந்த அணியின் விலகலாலும் இலகுவாகிவிடாது. ஒரு சுற்று 60 கிலோமீட்டருக்கு மேல். கல் சுவர்கள், வீட்டு வாசல்கள், பாலங்கள், மலை மூடுபனி. அங்கே சீனியர் டி.டி. பந்தயத்தைத் தொடர்ந்து மூன்று ஆண்டு ஜெயித்த முதல் மனிதர் சர்டீஸ். இத்தாலியர்கள் அவரைக் ‘காற்றின் மகன்’ என்று அழைத்தார்கள்.

கார் பக்கம் அவர் போன கதையில் ஒப்பந்தத்தின் ஓட்டை ஒன்று இருக்கிறது. உலகப் பந்தயங்கள் போக மிச்ச நாட்களில் ஊரில் தன் சொந்த நார்ட்டனை ஓட்ட சர்டீஸுக்கு ஆசை. அகுஸ்தா விடவில்லை, எம்.வி. தவிர வேறு மோட்டார் சைக்கிளில் ஏறக்கூடாது. ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தால் மோட்டார் சைக்கிளைப் பற்றித்தான் எழுதியிருந்தது. காரைப் பற்றி ஒரு வரி இல்லை. ஃபார்முலா ஒன் சாம்பியன் மைக் ஹாத்தோர்ன் ஏற்கெனவே ஒரு விருந்தில், கார் ஓட்டிப் பார், அது தானாக நிற்கும் என்று கிண்டலாகச் சொல்லி வைத்திருந்தார். ஆஸ்டன் மார்ட்டின் அணி மேலாளர் ரெக் பார்னெல் குட்வுட்டில் கார் கொடுத்து ஓட்டச் சொன்னார். 1960 மார்ச்சில் கென் டைரல் கொடுத்த ஃபார்முலா ஜூனியர் கூப்பரில் அவருடைய முதல் கார் பந்தயம். இரண்டாவதாக வந்தார், முதலாவது வந்தவர் ஜிம் கிளார்க். மே மாதமே லோட்டஸின் கொலின் சாப்மன் தன் காரைக் கொடுத்து மொனாக்கோவில் ஃபார்முலா ஒன்னில் இறக்கினார். இரண்டாவது கிராண்ட் பிரீயான சில்வர்ஸ்டோனில் இரண்டாம் இடம். மூன்றாவது, போர்ச்சுகலின் போர்ட்டோவில், முதல் வரிசையின் முதல் இடம். பந்தயத்தில் முன்னணியில் போகும்போது பெட்ரோல் கசிந்து பெடல் நனைந்து கால் வழுக்கியது. இத்தனையும் அதே ஆண்டு மோட்டார் சைக்கிளில் இரட்டைப் பட்டம் வென்றுகொண்டே, இடைவெளிகளில்.

இந்தத் திறமை எப்படி இடம் மாறியது என்பதற்கு அவருடைய ஆறு கிராண்ட் பிரீ வெற்றிகள் நடந்த இடங்களே ஓரளவு பதில் தருகின்றன. 1963-லும் 1964-லும் நுர்பர்க்ரிங், 1966-ல் ஸ்பா, 1964-லும் 1967-லும் மோன்ஸா, 1966-ல் மெக்ஸிகோ. நுர்பர்க்ரிங்கின் ஒரு சுற்று 22.8 கிலோமீட்டர், ஸ்பா அன்று 14 கிலோமீட்டர், பொதுச் சாலை. மேன் தீவின் அறுபது கிலோமீட்டரை மனப்பாடம் செய்தவருக்கு இவை புதிய பாடமாக இருந்திருக்காது. அத்தோடு, 1961 முதல் 1965 வரை ஃபார்முலா ஒன் எஞ்சின் 1.5 லிட்டர்தான், ஒல்லி டயர், சுமார் 200 குதிரைத்திறன். வளைவில் இழந்த வேகத்தை எஞ்சினை மிதித்து மீட்க முடியாது. இழக்காமல் ஓட்ட வேண்டும். மோட்டார் சைக்கிள்காரர்களின் பழக்கமே அதுதானே.

1961-க்கு சாப்மன் மறுபடி அழைத்தார். கூட ஓட்டப்போவது கிளார்க். ஆனால் ஏற்கெனவே ஒப்பந்தத்தில் இருந்த இன்னஸ் அயர்லாந்துக்கு அதனால் இடம் போகும் என்று தெரிந்ததும், தகராறு வேண்டாம் என்று சர்டீஸ் ஒதுங்கிக்கொண்டார். அடுத்த பதினைந்து ஆண்டுகளில் லோட்டஸ் பட்டங்களைக் குவித்தது. ஃபெராரியின் முதல் அழைப்பையும் மறுத்தார். நான்கு சக்கரத்தை இன்னும் படிக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். கூப்பரில் ஓர் ஆண்டு, லோலாவில் ஓர் ஆண்டு கழித்து 1963-ல்தான் ஃபெராரியின் ஊரான மரனெல்லோ போனார். அந்த ஆகஸ்டில் நுர்பர்க்ரிங்கில் ஜெயித்தது அவருக்கு முதல் கிராண்ட் பிரீ வெற்றி. 1961 மோன்ஸாவுக்குப் பிறகு ஃபெராரிக்கும் முதல் வெற்றி.

பட்டம் வென்ற மறு ஆண்டு, 1965 செப்டம்பரில், கனடாவின் மோஸ்போர்ட்டில் பயிற்சியின்போது லோலா ஸ்போர்ட்ஸ் காரின் முன்பக்க சஸ்பென்ஷன் பாகம் உடைந்து பெரும் விபத்து. இடுப்பெலும்பு நொறுங்கியது. உடம்பின் ஒரு பக்கம் மறுபக்கத்தைவிடச் சுமார் 4 அங்குலம் குறுகிவிட்டது. மருத்துவர்கள் அவரை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தே அளவுக்குக் கொண்டுவந்தார்கள் என்பதை அவரே பின்னாளில் சாதாரணமாகச் சொல்வார். 1966 ஏப்ரலில் மோன்ஸாவில் கொட்டும் மழையில் மைக் பார்க்ஸோடு 1000 கிலோமீட்டர் பந்தயத்தை வென்றார். ஜூன் 12-ல் ஸ்பா. முதல் சுற்றிலேயே மழை ஏறக்குறைய பாதி வண்டிகளைத் துடைத்துப் போட்டது. ஜாக்கி ஸ்டூவர்ட் உயிர் தப்பியதே பெரிது. ஜெயித்தவர் சர்டீஸ்.

அதே வாரத்தில் ஃபெராரியை விட்டு வெளியேறினார். லெ மானுக்கான ஓட்டுநர் பட்டியலில் அணி மேலாளர் யூஜெனியோ டிராகோனி, லுடோவிகோ ஸ்கார்ஃபியோட்டியையும் சர்டீஸின் காரில் சேர்த்தார். சர்டீஸின் உடம்பு நீண்ட நேரம் தாங்காது என்பது சொன்ன காரணம். ஸ்கார்ஃபியோட்டி, ஃபியட் முதலாளி அனெல்லி குடும்பத்தின் உறவினர் என்பது எல்லோருக்கும் தெரிந்த காரணம். தொடக்கத்திலிருந்தே வேகமாக ஓட்டி ஃபோர்டு கார்களை உடைய வைக்க வேண்டும் என்று திட்டமிட்டிருந்த சர்டீஸ் அதை ஏற்கவில்லை. என்ஸோ ஃபெராரியிடம் நேரே போய்ப் பேசினார்; இருவரும் பிரிந்தார்கள். லெ மானில் ஃபோர்டு முதல் மூன்று இடங்களையும் எடுத்தது. கூப்பர்-மசராட்டிக்கு மாறிய சர்டீஸ், அந்தக் கனமான காரிலேயே மெக்ஸிகோவில் ஜெயித்து, பட்டப் பட்டியலில் ஜாக் பிராபமுக்கு அடுத்த இடத்தில் முடித்தார். ஃபெராரிக்கு அடுத்த ஓட்டுநர் பட்டம் 1975-ல் நிக்கி லாவ்டா மூலமே வந்தது. அன்று நஷ்டம் இரு தரப்புக்கும்தான். ஃபெராரிக்குக் கூடுதல் என்று நான் சொல்வேன்.

1967-ல் ஹோண்டா. அவர்களுடைய 12 சிலிண்டர் எஞ்சினில் சக்தி இருந்தது, கார் மட்டும் யானைக் கனம். சர்டீஸ், லோலாவின் எரிக் பிராட்லியோடு சேர்ந்து, லோலாவின் இண்டியானாபோலிஸ் கார் உடலை அடிப்படையாக வைத்துச் சில வாரங்களில் ஆர்.ஏ.300 என்ற காரைக் கட்டினார். பத்திரிகைகள் அதை ‘ஹோண்டோலா’ என்று கேலி செய்தன. அது இறங்கிய முதல் பந்தயம் மோன்ஸா. கடைசிச் சுற்றில் கிளார்க்குக்கு எரிபொருள் தீர, சர்டீஸும் பிராபமும் ஒட்டிக்கொண்டே கடைசி வளைவான பராபோலிகாவுக்கு வந்தார்கள். வளைவில் சிந்திய எண்ணெய் மேல் சிமென்ட் தூவியிருந்தது. சர்டீஸ் வேண்டுமென்றே உள்பக்கத்தைத் திறந்து விட்டார். பிராபம் அதில் நுழைந்தார், சிமென்ட்டில் வழுக்கினார். 0.2 விநாடியில் ஹோண்டாவுக்கு வெற்றி.

மறு ஆண்டு ஹோண்டா, காற்றால் குளிரும் எஞ்சினும் மெக்னீசிய உடலும் கொண்ட ஆர்.ஏ.302 என்ற காரைக் கொண்டுவந்தது. சர்டீஸ் ஓட்டிப் பார்த்தார். இது பந்தயத்துக்கு ஆகாது, ஆபத்து என்று சொல்லி மறுத்தார். 1968 ஜூலை 7, பிரான்சின் ரூவான். ஹோண்டாவின் பிரெஞ்சுக் கிளை அதே காரை உள்நாட்டு வீரர் ஜோ ஷ்லெஸரிடம் கொடுத்து இறக்கியது. மூன்றாவது சுற்றில் கார் ஈரச் சாலையிலிருந்து சறுக்கி மேட்டில் மோதித் தீப்பிடித்தது. மெக்னீசியத் தீயை அணைக்க முடியவில்லை, ஷ்லெஸர் இறந்தார். பழைய வகைக் காரில் அதே பந்தயத்தை ஓட்டிய சர்டீஸ் இரண்டாவதாக வந்தார். அவருடைய பிடிவாதத்தைக் குறை சொல்கிறவர்கள் இந்த நாளையும் கணக்கில் வைக்க வேண்டும்.

1970-ல் சொந்த அணி தொடங்கினார். முதலாளியோடு சண்டை போட்டவர் தானே முதலாளி ஆனால் என்ன ஆகும் என்பதை அந்த ஒன்பது ஆண்டுகள் காட்டின: எல்லா வேலையையும் தானே பார்ப்பார், எவர் சொல்லும் ஏறாது. அணி ஒரு உலகச் சாம்பியன்ஷிப் பந்தயத்தைக்கூட ஜெயிக்கவில்லை. 1972-ல் மைக் ஹெய்ல்வுட் சர்டீஸின் காரில் ஐரோப்பிய ஃபார்முலா டூ பட்டம் வென்றதே பெரிய சாதனை. 1974-ல் வாட்கின்ஸ் கிளென்னில் அணியின் இளம் ஓட்டுநர் ஹெல்முட் கொய்னிக் இறந்தார். 1976-ல் ஆணுறை நிறுவனத்தின் விளம்பரம் காரில் இருந்ததால் பிபிசி பந்தயத்தைக் காட்டவே மறுத்தது. பணம் வற்றி 1978-ல் கடை மூடியது.

ஹெய்ல்வுட்டைச் சொன்னேன். அவரும் மோட்டார் சைக்கிளில் ஒன்பது உலகப் பட்டம் வென்றவர், பலர் கணிப்பில் சர்டீஸை விடவும் உயர்ந்த மோட்டார் சைக்கிள் வீரர். ஃபார்முலா ஒன்னில் 50 பந்தயங்களில் அவருக்கு ஒரு வெற்றிகூட இல்லை. எம்.வி.யில் சர்டீஸின் வாரிசான கேரி ஹாக்கிங், 1962 டிசம்பரில் டர்பனில் லோட்டஸ் ஓட்டிப் பயிற்சி செய்யும்போது இறந்தார். உலகப் பட்டம் வென்ற ஜானி செக்கோட்டோ ஃபார்முலா ஒன்னில் எடுத்தது ஒரே புள்ளி. வாலென்டினோ ரோஸி ஃபெராரியில் சோதனை ஓட்டத்தோடு நின்றுகொண்டார். உலகப் பட்டங்கள் வருமுன் தாத்ஸியோ நுவொலாரி 1925-ல் மோட்டார் சைக்கிளிலும் 1932-ல் காரிலும் ஐரோப்பியப் பட்டம் வென்றதே சர்டீஸுக்கு அருகில் வரும் ஒரே சாதனை. ஹெய்ல்வுட் வண்டியைப் பற்றி அதிகம் யோசிக்க மாட்டார், கொடுத்ததை ஓட்டுவார் என்பார்கள். சர்டீஸ் ஓட்டும் முன்பு வண்டியைக் கேள்வி கேட்பார். காருக்கு அந்தக் கேள்விகள் தேவைப்பட்டன.

2009 ஜூலை 19-ல் பிராண்ட்ஸ் ஹாட்ச்சில் பந்தயம் ஓட்டும்போது, வேறொரு காரிலிருந்து கழன்ற சக்கரம் தலையில் பட்டு சர்டீஸின் மகன் ஹென்றி 18 வயதில் இறந்தார். ஒரு வாரத்துக்குள் ஹங்கேரியில் ஃபார்முலா ஒன் ஓட்டுநர் ஃபெலிப்பே மாஸாவின் தலையில் ஸ்பிரிங் ஒன்று மோதியது. ஓட்டுநரின் தலையைக் காக்கும் வழிகளைப் பற்றிய ஆய்வை இந்த இரண்டு விபத்துகளும் முடுக்கின. 2018-ல் ஃபார்முலா ஒன்னில் ‘ஹாலோ’ வளையம் கட்டாயமானது. மகன் பெயரில் அறக்கட்டளை தொடங்கி, தலைக்காயம் பட்டவர்களுக்காகக் கடைசிவரை நிதி திரட்டிய சர்டீஸ் அதைப் பார்க்கவில்லை. 2017 மார்ச் 10-ல் 83 வயதில் காலமானார்.

இன்று ஃபார்முலா ஒன்னில் ஓட்ட சூப்பர் லைசென்ஸ் வேண்டும். அதற்கு 40 புள்ளி. அந்தப் புள்ளிகளைக் கார் பந்தயங்களிலும் கார்ட்டிங்கிலும் மட்டுமே சேர்க்க முடியும். மோட்டார் சைக்கிள் உலகப் பட்டத்துக்கு அதில் மதிப்பு எதுவும் இல்லை. மார்ச்சில் முதல் கார் பந்தயம் ஓட்டிவிட்டு மே மாதம் மொனாக்கோவுக்கு வந்த 1960-ன் சர்டீஸை இன்றைய விதி வாசலிலேயே நிறுத்தியிருக்கும்.